படிவம் எனக்கு 3.4 போட்டிருக்கிறது

வாசகியின் கேள்வி. 2025 மார்ச் 4

மட்டக்குளியிலிருந்து எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. வகுப்பில் எல்லோரையும் ஒரு வினாக்கொத்து நிரப்பச் சொன்னார்கள். வீட்டில் என்ன மொழி, என்ன பாட்டு, என்ன சாப்பாடு, ஆறு வயதுவரை யாரோடு விளையாடினாய் என்று 21 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. கூட்டி 21ஆல் வகுக்க வேண்டும். 1 என்றால் முழுக்கச் சொந்தப் பண்பாடு, 5 என்றால் முழுக்க மேற்கத்தியம். எனக்கு 3.4 வந்தது. பக்கத்தில் இருந்த, பணக்காரர் வாழும் கொழும்பு 7 பகுதித் தோழிக்கு 2.8. அவளுக்குத் தமிழ் எழுத வராது. நான் தமிழ் மொழிமூலம் படித்தவள், செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகிறவள். ஒருவர் தன் பழக்கங்களைத் தானே சொல்ல, அதைக் கூட்டி அவருடைய இன அடையாளத்தை அளக்க முடியுமா? முடியாது என்பது என் கட்சி.

மார்ச் 4, இரவு 9.40

தங்கச்சி, அந்தப் படிவத்தின் பாட்டனை எனக்குத் தெரியும். ரிச்சர்ட் சுயின் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1987இல் வெளியிட்ட அளவுகோல். அமெரிக்காவில் வாழும் ஆசிய வம்சாவளியினருக்காகச் செய்தது. 21 கேள்வி, கூட்டி வகுப்பது, நடுவில் 3 வந்தால் இரண்டு பக்கமும் கால் வைத்தவர் என்பது, எல்லாம் அப்படியே இருக்கிறது. ஊரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

நான் ஒன்பது ஆண்டுகள் கொழும்பில் வீடு வீடாகப் போய் இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்டவள். பிறகு பதினான்கு ஆண்டுகள் அவற்றைத் தமிழாக்கியவள். உங்கள் கட்சியில் சேர ஆசைதான். முழுதாகச் சேர மாட்டேன். ஏன் என்று பிறகு.

முதலில் பாண். சொல் போர்த்துக்கீசருடையது, கோதுமை கப்பலில் வருவது. அதைப் பிய்த்துப் பருப்புக் கறியில் தோய்த்துச் சம்பலோடு சாப்பிடுகிறவர் எந்தக் கட்டத்தில் புள்ளடி போட வேண்டும்? கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் கணவர் 4 என்றார், மனைவி 1 என்றார். இரண்டு பேரும் ஒரே பாணைத்தான் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு படிவங்களையும் அப்படியே கொடுத்தேன். அந்த வீட்டில் தம்பதிக்கிடையே பண்பாட்டு இடைவெளி இருப்பதாக எங்கேயோ ஓர் அட்டவணை சொல்லிக்கொண்டிருக்கும்.

மார்ச் 5, காலை

நேற்று பாணிலேயே நின்றுவிட்டேன். அதைவிடப் பெரிய கோளாறு கோட்டில் இருக்கிறது. ஒரு முனையில் சொந்தப் பண்பாடு, மறு முனையில் மேற்கத்தியம். ஒன்றை நெருங்க வேண்டுமானால் மற்றதை விட்டு விலகத்தான் வேண்டும். கனடாவின் ஜோன் பெரி இதை ஒத்துக்கொள்ளவில்லை. சொந்தத்தைக் காக்கிறாயா என்பது ஒரு கேள்வி, மற்றவரோடு சேர்கிறாயா என்பது வேறு கேள்வி, இரண்டையும் தனித்தனியாகக் கேள் என்றார். சுயினும் பிற்பாடு கூடுதல் கேள்விகள் சேர்த்தார். உங்கள் விரிவுரையாளர் பழைய 21ஐத்தான் எடுத்திருக்கிறார் போலிருக்கிறது.

இரண்டு கோடு போட்டாலும் கொழும்புக்குப் போதாது. தமிழிலிருந்து மேற்குக்குப் போகும் பாதையில் சிங்களம் எந்தத் தரிப்பிடம்? 155 பஸ்ஸில் நடத்துநரோடு சிங்களம், பக்கத்து இருக்கையில் தமிழ், தொலைபேசியில் வங்கிக்காரரோடு ஆங்கிலம். சிங்களப் பாட்டுக் கேட்பதை எந்த எண்ணில் போட்டீர்கள்? 3 என்று போட்டிருப்பீர்கள். உங்கள் 3.4இல் பாதி சிங்களமாக இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். அந்தோனியாரை எங்கே போட்டீர்கள் என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

மார்ச் 5, மதியம்

அந்தோனியாரை 4இல் போட்டாராம். கிறிஸ்தவம் மேற்கிலிருந்து வந்ததுதானே என்று நினைத்தாராம். தங்கச்சி, செவ்வாய்க்கிழமை அங்கே மெழுகுதிரி ஏற்ற வருகிறவர்களில் எத்தனை பேர் பொட்டோடு வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மார்ச் 6

மொழிபெயர்ப்புக் கதை ஒன்று. இந்த நாட்டுப் படிவங்கள் பலவற்றில் இனம் என்று தமிழில் இருக்கும் இடத்தில் சிங்களத்தில் 'ஜாதிய' என்று இருக்கும். சிங்களக் காதுக்கு அது இனம், தேசம். தமிழ்க் காதுக்கு அது வேறு.

என்னோடு வேலை செய்த சிங்களப் பிள்ளை ஒருத்தி வனாத்தமுல்லையில் ஒரு வீட்டு வாசலில் நின்று "ஜாதிய மொகத்த?" என்று கேட்டாள். நல்ல பிள்ளை, குரலும் மென்மை. உள்ளே மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய அம்மா. அதுவரை சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னவர் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு பேசாமல் நின்றார். "பதில் மறுத்தார்" என்ற கட்டத்தில் புள்ளடி போட்டுக்கொண்டு அவள் வந்துவிட்டாள். வழியில் என்னிடம் சொன்னபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. வாசலில் வைத்து அந்த அம்மாவிடம் நாங்கள் சாதியைக் கேட்டிருக்கிறோம்.

திரும்பிப் போனேன். தமிழில் கேட்டேன். இலங்கைத் தமிழரா, இந்தியத் தமிழரா என்று இரண்டு கட்டங்களையும் படித்துக் காட்டினேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னது:

"எதை எழுதினால் கரைச்சல் இல்லையோ அதை எழுதுங்கள் பிள்ளை."

எதை எழுதினேன் என்பது நினைவில்லை.

மார்ச் 7

அந்த இரண்டு கட்டங்கள் எப்போது வந்தன என்று கண்டியிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். 1901 கணக்கெடுப்பில். அதை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். தமிழரே தமிழரைப் பிரித்தார் என்றும் சொல்லலாம்.

மார்ச் 7, இரவு

மேலே எழுதியது தவறு. 1901 கணக்கெடுப்பை அருணாசலம் நடத்தியது சரி. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தனித்தனி இனமாக எண்ணியது 1911இல். அதற்குப் பொறுப்பு டென்ஹம் என்ற ஆங்கிலேயர். பாவம், வாயில்லாப் பிள்ளை என்று அருணாசலத்தின் தலையில் கட்டிவிட்டேன். மன்னிக்கவும்.

அந்தக் கட்டங்களுக்குள் பிறகு நடந்ததுதான் பெரிய கதை. 1971இல் இந்தியத் தமிழர் 9.3 சதவீதம், 1981இல் 5.5. பத்தே ஆண்டில். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி கப்பல் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் ஒரு பங்கு. இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்கள் இன்னொரு பங்கு. அதே பத்தாண்டில் இலங்கைத் தமிழர் 11.2இலிருந்து 12.7ஆனார்கள். இந்தப் பெயர் மாறியவர்கள் என்ன பழக்கத்தை மாற்றினார்கள்? அதே ரொட்டி, அதே சாயத் தண்ணீர், அதே மாரியம்மன். 1948இல் பிரசாவுரிமை போனதைக் கண்ட குடும்பத்துக்கு "இந்திய" என்ற சொல்லைப் படிவத்தில் விட்டுவைப்பது புத்தியான காரியமாகத் தெரிந்திருக்காது.

மார்ச் 8

நீர்கொழும்பு அன்பர் எழுதியிருப்பதற்கு ஆமாம். அங்கே கடற்கரைக் குடும்பங்கள் சில வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் சிங்களம் படித்து, படிவத்தில் சிங்களவர் என்று எழுதுகின்றன. மருதானையில் முஸ்லிம் வீட்டில் நாள் முழுக்கத் தமிழ்தான், படிவத்தில் சோனகர். மொழிக் கேள்வியை மட்டும் நம்பினால் இரண்டு வீட்டையும் தவறாகத்தான் அடுக்குவோம்.

இதைப் பெரியவர்களே செய்து பார்த்திருக்கிறார்கள். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் அரச ஆசியக் கழகத்தில் ஒரு கட்டுரை படித்தார். சோனகரின் மொழி, வழக்கங்கள், கலியாணச் சடங்கு எல்லாவற்றையும் அடுக்கி, ஆகவே அவர்கள் இனத்தால் தமிழர் என்றார். சட்டசபையில் யார் யாருக்காகப் பேசுவது என்ற கணக்கும் அதற்குப் பின்னால் இருந்தது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் விரிவாக மறுத்து எழுதினார். இராமநாதன் செய்தது உங்கள் வகுப்பில் செய்ததேதான். பழக்கங்களைக் கூட்டினார், வகுத்தார், விடை சொன்னார். யாரைப் பற்றிய விடையோ அவர்கள் இல்லை என்றுவிட்டார்கள்.

மார்ச் 9

இவ்வளவு எழுதியதும் "அப்படியானால் அளக்கவே கூடாது" என்று மூன்று பேர் கைதட்டியிருக்கிறார்கள். அதற்கு நான் வரவில்லை. அளக்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எந்தப் பிரிவில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் என்ற கணக்கு இல்லை என்றால் "இங்கே தமிழ் ஆசிரியர் தேவையில்லை" என்று ஒரு வரிக் கடிதம் வரும். எண் நமக்கும் தேவை.

ஜீன் பின்னி என்பவர் லொஸ் ஏஞ்சல்ஸில் வேறு வழி பிடித்தார். 1992இல் வந்த அவருடைய அளவுகோலில் சாப்பாடு, பாட்டு எல்லாம் ஓரமாகத்தான் வரும். இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்ற உணர்வு எவ்வளவு, இதன் வரலாற்றை அறிய நேரம் செலவிட்டாயா என்று கேட்கும். எந்த இனத்தவருக்கும் அதே கேள்விகள். 2007இல் அதை ஆறு கேள்வியாகச் சுருக்கினார்கள். பழக்கத்தைக் கேட்பதைவிட இது எவ்வளவோ நேர்மை.

மார்ச் 9, நள்ளிரவுக்குப் பிறகு

தூக்கம் வரவில்லை. பின்னியைப் பற்றி எழுதியதை யோசித்தேன். "வரலாற்றை அறிய நேரம் செலவிட்டிருக்கிறேன்." இதை நான் தமிழாக்கிய ஆண்டில் பம்பலப்பிட்டியில் ஒரு வயதான ஆசிரியை படிவத்தை வாங்கிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் எங்கே பிள்ளை நேரம் செலவிட்டேன், அது வீட்டுக்குள்ளே வந்து இருந்தது" என்றார். பிறகு "சிறிதும் உடன்படவில்லை" என்பதில் புள்ளடி போட்டார். தன் இனத்தின் மீது அக்கறை இல்லாதவர் என்று கணினி அவரைக் குறித்துக்கொண்டது.

லொஸ் ஏஞ்சல்ஸ் பிள்ளைக்குத் தேடல். இங்கே எங்களுக்கு யாரோ கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

மார்ச் 11

கதவு என்றதும் வேறொன்று. போர்க்காலத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் தங்கியிருப்போர் விவரத்தைப் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. யார், எங்கிருந்து, எப்போது வந்தார். நானும் அட்டையில் தாள் செருகிக்கொண்டு அதே மாடிப்படியில் ஏறி, கிட்டத்தட்ட அதே கேள்விகளைத்தான் கேட்டேன். "இது ஆய்வுக்காக மட்டும்" என்று மேலே எழுதியிருக்கும். படிப்பவர் கண் அந்த வரியில் நிற்காது, என் கழுத்து அட்டையில் நிற்கும்.

"வீட்டில் என்ன மொழி?"

"எல்லா மொழியும்."

இந்தப் பதிலை எத்தனை வீட்டில் வாங்கியிருப்பேன்! படிவத்தில் அதற்கு மதிப்பெண் 3. பண்பாட்டுச் சமநிலை கொண்டவர்.

வாய் ஒன்று சொல்ல, செய்கை வேறு செய்வது நமக்கு மட்டும் உரியதில்லை. ரிச்சர்ட் லபியர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்காவைச் சுற்றினார். 251 விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் போனார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் இடமில்லை என்றார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனரை ஏற்பீர்களா என்று கேட்டார். பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் மாட்டோம் என்றார்கள். 1934இல் வெளிவந்த ஆய்வு. அங்கே தாளில் கடுமை, நேரில் சிரிப்பு. கொழும்பில் வீடு வாடகைக்குத் தேடியவர்கள் இதைத் திருப்பிப் போட்டுப் படிக்கலாம்.

மார்ச் 12

ஒரு பாவமன்னிப்பு. நேற்று எழுதியதிலிருந்து நெஞ்சில் குத்துகிறது.

வாசலில் நின்ற காலத்தில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு படிவம் முடிக்க வேண்டும். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். மாலை ஐந்து மணிக்குக் கடைசி வீட்டில் பாட்டி தூங்கிவிடுவார், அல்லது பருப்பு அடிப்பிடிக்கிறது என்று மருமகள் உள்ளே போய்விடுவாள். ஏழெட்டுக் கேள்வி மிச்சம் இருக்கும். பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து நானே நிரப்புவேன். எல்லாவற்றுக்கும் "இடைக்கிடை". கோயிலுக்குப் போவீர்களா, இடைக்கிடை. தமிழ்ப் பத்திரிகை படிப்பீர்களா, இடைக்கிடை. மேற்பார்வையாளருக்கும் தெரியும். "ஓரத்துக்குப் போகாதே, நடுவில் போடு" என்பதுதான் அவர் கொடுத்த பயிற்சி.

கொழும்புத் தமிழர் மிதவாதிகள் என்று யாராவது பட்டம் வாங்கியிருந்தால், அதில் என் பங்கும் உண்டு.

மார்ச் 12, சற்று நேரத்தில்

நடுவில் போடுவது என் சோம்பல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கட்டங்களே ஆளை நடுவுக்கு இழுக்கும். நோர்பர்ட் ஷ்வார்ட்ஸ் 1985இல் ஜேர்மனியில் செய்தது: நாளுக்கு எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு கூட்டத்துக்குக் கட்டங்கள் அரை மணியிலிருந்து தொடங்கின, இரண்டரை மணிக்கு மேல் என்பது கடைசிக் கட்டம். அதில் விழுந்தவர்கள் 16.2 சதவீதம். இன்னொரு கூட்டத்துக்கு இரண்டரை மணி வரை என்பதே முதல் கட்டம். அங்கே இரண்டரைக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 37.5 சதவீதம். கட்டங்களைப் பார்த்து, ஊர் வழக்கம் இதுதான் போல என்று ஊகித்துத் தன்னை அங்கே வைக்கிறான் மனிதன். "கோயிலுக்கு: தினமும், வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை" என்று கட்டம் இருந்தால், வருடத்துக்கு ஒரு தடவை ஆடிவேலுக்கு மட்டும் போகிறவருக்கும் மாதம் ஒருமுறை என்று சொல்லத்தான் வாய் வரும்.

மார்ச் 15

பொட்டைப் பற்றிக் கேட்டவருக்கு.

1983 ஜூலையில் எனக்குப் பதினாறு வயது. அம்மா எச்சில் தொட்டு என் பொட்டை அழித்தாள், பிறகு தன்னுடையதை. கைக்குட்டையில் சிவப்பு. அதைக் கழுவாமல் சுருட்டி அரிசி டின்னுக்குள் போட்டாள், ஏன் என்று இன்றுவரை தெரியாது. வீதியில் ஆட்களை நிறுத்தி, வாளிக்குச் சிங்களத்தில் என்ன என்று சொல்லச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். முதல் எழுத்தில் தமிழ் நாக்கு சறுக்கும் சொல் அது. 1958 கலவரத்திலும் அதே சோதனைதான் என்று அப்பா சொன்னார். என்னை உட்காரவைத்து இருபது முப்பது தடவை சொல்ல வைத்தார். சரியாகச் சொல்லிவிட்டேன். அது சுய அறிக்கை வாங்காத அளவுகோல். பிழைவீதம் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

பிறகு ஒட்டுப் பொட்டு வந்தது. வேலைக்குப் போன காலத்தில் வீட்டை விட்டு இறங்கும்போது கழற்றி நிலைக்கண்ணாடியின் சட்டத்தில் ஒட்டுவேன், வந்து எடுத்து வைப்பேன். பசை போனது அங்கேயே தங்கிவிடும். சட்டம் முழுக்க மண்ணிறப் புள்ளிகள். "பொது இடத்தில் உங்கள் சமூகத்துக்குரிய அலங்காரம் செய்வீர்களா?" ஒருபோதும் இல்லை, மதிப்பெண் 5, முழு மேற்கத்தியம்.

யூஜீன் வெப்பும் கூட்டாளிகளும் 1966இல் சொன்னது இங்கே பொருந்தும். ஆளைக் கேட்காதே, தேய்மானத்தைப் பார் என்றார்கள். சிகாகோ அருங்காட்சியகத்தில் கோழிக்குஞ்சு பொரிக்கும் காட்சிக்கு முன்னால் தரையில் பதித்த வினைல் ஓடுகளை ஆறு வாரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருந்தது, மற்ற இடங்களில் ஆண்டுக்கணக்கில் தாங்கின. எது பிடித்த காட்சி என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. என் வீட்டுக்கு ஆய்வாளர் வந்திருந்தால் கண்ணாடிச் சட்டத்தைக் காட்டியிருப்பேன். சும்மா சொல்கிறேன், காட்டியிருக்க மாட்டேன்.

மார்ச் 16

நாளை முதல் ஒரு வாரம் நாட்குறிப்பு வைக்கப் போகிறேன். படிவத்தை முதலில் நிரப்பியாகிவிட்டது. வீட்டில் மொழி, எப்போதும் தமிழ். உணவு, பெரும்பாலும் தமிழ். மொத்தம் 1.9. நல்ல பிள்ளை.

மார்ச் 24

முடிந்தது. அசிங்கம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

வீட்டுக்குள் நான் பேச வாய் திறந்ததைக் கோடு போட்டு எண்ணினேன். தமிழ் 61, சிங்களம் 24, ஆங்கிலம் 29. "எப்போதும் தமிழ்" என்று எழுதியவள் நான்தான். பூனையைச் சிங்களத்தில் திட்டுகிறேன். அது கீழ் வீட்டுச் சிங்களக் குடும்பத்திலிருந்து வந்த பூனை, அதற்குத் தமிழ் விளங்காது என்று யார் எனக்குச் சொன்னார்கள்? மெல்பேர்ன் பேரப்பிள்ளைகளோடு ஆங்கிலம். வாய்ப்பாடு தமிழ், தொலைபேசி எண் ஆங்கிலம். மீன்காரர் லிப்ட் வாசலில் நின்று கூப்பிட்டால் பதில் சிங்களம், பேரம் தமிழ், ஏமாற்றிவிட்டார் என்ற முணுமுணுப்பு மறுபடி தமிழ்.

நான்காம் நாள் இவர், என் கணவர், சொன்னார்: "நீ எழுதத் தொடங்கியதிலிருந்து தமிழ் கூடப் பேசுகிறாய்." அதுவும் உண்மையாக இருக்கலாம். அப்படியென்றால் 61 என்பதே கூட்டிச் சொன்ன எண்.

சாப்பாட்டுக்கு இரண்டு நிரல் போட்டுத் தொடங்கினேன். இரண்டாம் நாளே மூன்றாவது தேவைப்பட்டது, தலைப்பு "கொழும்பு". பாண், பருப்பு, சம்பல் அதில். மீன் பணிஸ் அதில். மேல்மாடி வீட்டிலிருந்து வந்த நோன்புக் கஞ்சி மூன்று இரவு, அதுவும் அதில். ஆக 21 வேளை: கொழும்பு 13, தமிழ் 5, மேற்கத்தியம் 2.

கஞ்சி கொண்டுவந்த பிள்ளை வாசலில் நின்று "தாத்தா தரச் சொன்னா" என்றது. முஸ்லிம் வீட்டில் தாத்தா என்றால் அக்கா. அதே நேரம் எதிர்வீட்டுச் சிங்களப் பையன் "தாத்தா!" என்று கத்திக்கொண்டு படி ஏறினான், அது அவன் அப்பா. உள்ளே தொலைபேசியில் பேரன் இவரைத் "தாத்தா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒரே மாடி, அரை நிமிடம், ஒரே சொல். ஒலிப்பதிவுக் கருவி வைத்து மொழியை எண்ணும் ஆய்வாளர் யாராவது எங்கள் படிக்கட்டுக்கு வர வேண்டும்.

மார்ச் 25

"அப்படியானால் உங்கள் இனம் கொழும்பு என்று எழுதிவிடலாமே" என்கிறார் ஒருவர். கேட்க அழகாக இருக்கிறது. வெள்ளவத்தையில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போய் "நான் கொழும்பு" என்று சொல்லிப் பாருங்கள். சிங்கள உரிமையாளர் அடையாள அட்டையைக் கேட்டுப் பிறந்த இடத்தைப் பார்ப்பார். தமிழ் உரிமையாளர் அட்டை கேட்க மாட்டார். தேத்தண்ணீர் தருவார், தந்துவிட்டு:

"ஊரிலே எவ்விடம்?"

சொல்வோம். "அங்கே கோயிலடியா, சந்தியடியா?" சொல்வோம். "எந்தப் பள்ளிக்கூடம்?" மூன்று கேள்வி. வினாக்கொத்து இல்லை, 1 முதல் 5 இல்லை, பேனா இல்லை. தேத்தண்ணீர் ஆறுமுன் நம் சாதி அவர் கையில் இருக்கும். இதற்குள்ள துல்லியம் சுயினுக்கும் பின்னிக்கும் கனவில்கூடக் கிடைக்காது. பதில் சொல்கிறவர் எதை அளக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே சிரித்தபடி பதில் சொல்வார். தெரியாதது போல் கேட்கிறவரும் சிரிப்பார்.

இதை எழுதுகிற நானும் கேட்கிறவள்தான். போன மாதம் கோயிலில் புதிதாக வந்த ஒரு பிள்ளையிடம் கேட்டேன். வாய் தானாகப் போய்விட்டது. அவள் "கொழும்புதான் மாமி" என்றாள். நான் விடவில்லை, "அப்பா அம்மா?" என்றேன்.

மார்ச் 29

மட்டக்குளித் தங்கச்சி படிவத்தைத் திரும்ப நிரப்பினாராம். அந்தோனியாரை 1இல் போட்டு, பாணை 2இல் போட்டு, இன்னும் பலதையும் இறக்கி, இப்போது 2.6. தோழியைத் தோற்கடித்த சந்தோஷம் எழுத்தில் தெரிகிறது. தங்கச்சி, மூன்று வாரத்துக்கு முன் அளக்கவே முடியாது என்றீர்கள்.

ஏப்ரல் 15

வருடப்பிறப்பு முடிந்தது. அம்மாவுக்கு 84 வயது. நேற்றுச் சாப்பாடு முடிந்து சாய்வுக் கதிரையில் கிடந்தாள். படிவத்தை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒருநாளும் அம்மாவிடம் கேட்டதில்லை, ஆயிரம் வீட்டில் கேட்டிருக்கிறேன்.

"அம்மா, வெளியே போகும்போது நம் ஆட்களின் உடுப்பு, பொட்டு, பூ எல்லாம் எவ்வளவு தடவை? எப்போதும், அடிக்கடி, இடைக்கிடை, அரிதாக, ஒருபோதும் இல்லை."

"எந்த வருஷம்?"

"வருஷம் இல்லை அம்மா, பொதுவாக."

"பொதுவாக என்றால் எந்த வருஷம்?"

படிவத்தில் அதற்கு இடமில்லை. ஓரத்தில் சின்னதாக எழுதத் தொடங்கினேன். 1962, கலியாணம் முடித்து வந்த புதிது, எப்போதும். 1977 ஓகஸ்ட், இல்லை. 1978, திரும்ப. 1983க்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 1987, கோயிலுக்கு மட்டும், பையில் வைத்துக்கொண்டு போய் அங்கே வைப்பது. 1995, இல்லை. 2002, கொஞ்சம், பஸ்ஸில் இல்லை. ஓரம் நிரம்பித் தாளைத் திருப்பினேன். "2010?" என்று கேட்டபோது அம்மா தூங்கியிருந்தாள். நெற்றியில் நேற்றைய சந்தனம் காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது.

மிச்சக் கேள்விகளை இந்தத் தடவை நான் நிரப்பவில்லை.

ஏப்ரல் 17

திருத்தம். கண்டித் தம்பி கணக்குப் பார்த்திருக்கிறார். மார்ச் 24 குறிப்பில் 21 வேளை என்று எழுதி 13, 5, 2 என்று போட்டிருக்கிறேன். கூட்டினால் 20தான். நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். 17ஆம் திகதி காலை வெறுமையாக இருக்கிறது, "சாப்பிடவில்லை" என்று மட்டும். அது பங்குனித் திங்கள். அம்மனுக்கு விரதம், வருடாவருடம் பிடிப்பது. எந்த நிரலிலும் போட வேண்டும் என்று தோன்றவில்லை.